கிட்டார் வேலைக்கு எந்த டூல்ஸ் முதல்ல வாங்கணும்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

அகூஸ்டிக் கிட்டார் ரிப்பேர் கத்துக்கணும், அப்படியே சொந்தமா ஒண்ணு செஞ்சு பாத்துடணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல திணறுற இடம் டூல்ஸ் தான். லுத்தியர் டூல்ஸ்னு, அதாவது கிட்டார் செய்றவங்களோட டூல்ஸ்னு தேடினா நூத்துக்கணக்குல வந்து நிக்கும், ஒவ்வொண்ணையும் இது இல்லாம வேலையே ஓடாதுங்கிற மாதிரி தான் எழுதியிருப்பாங்க, பேசாம மொத்தமா ஒரு செட் வாங்கிட்டா நிம்மதின்னு தோணும். தயவுசெஞ்சு செட்டா வாங்காதீங்க. அதுல பாதி பெட்டியை விட்டு வெளியவே வராது, மீதியில உங்களுக்கு ரொம்ப முக்கியமானது எதுவோ அது தான் சுமாரா இருக்கும்.

நான் சொல்றது ஒரே கணக்கு தான். ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு எங்க வித்தியாசம் பண்ணுமோ அங்க காசைப் போடுங்க, மத்த இடத்துல கையில இருக்கறதை வச்சு ஓட்டுங்க. அளக்குற சாமான், நட்டுல (நெக்கோட மேல்முனையில கம்பி உக்கார்ற சின்னப் பட்டை) காடி போடுற அரம், ஃப்ரெட்ல (விரல் வைக்கிற பலகையில குறுக்கா பதிச்ச உலோகக் கம்பி) படுற அரம், வெட்டுற இரும்பு, இது நாலும் நல்லதா இருக்கணும். கிளாம்ப், அச்சு, ஸ்டாண்டு, சாண்டிங் பிளாக் எல்லாம் நீங்களே செஞ்சுக்கலாம், பல பேர் அப்படித் தான் செய்யறாங்க.

இன்னொண்ணு, ரிப்பேர்லேந்து ஆரம்பிங்க. செட்டப் வேலைக்கு, அதாவது கிட்டாரை வாசிக்க வசதியா சரி பண்றதுக்கு, வேண்டிய டூல்ஸ் கொஞ்சம் தான், அதுல ஒண்ணு விடாம எல்லாமே பின்னாடி கிட்டார் செய்யும்போதும் வேணும்.

முதல்ல அளக்குறது

வெட்டுறதுக்கு முன்னாடி அளக்கக் கத்துக்கணும். முதல்ல வாங்க வேண்டியது அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல், 150 மி.மீ. போதும், ஆனா ஸ்கேல் நுனியிலேந்தே பூஜ்யம் ஆரம்பிக்கணும், நுனியில கொஞ்சம் இடம் விட்டு ஆரம்பிக்கிற ஸ்கேல் இந்த வேலைக்கு ஆகாது. ஏன்னா 12வது ஃப்ரெட் மேல அதை நிக்க வச்சுத் தான் கம்பி எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாக்கப் போறீங்க. ஸ்டீல் கம்பி கிட்டார்ல தடிச்ச ஈ கம்பி அங்க சுமார் 2.4 மி.மீ., மெல்லிசு ஈ 1.6லேந்து 2 மி.மீ. இருந்தா பெரும்பாலானவங்களுக்கு வாசிக்க வசதியா இருக்கும். வெறும் கண்ணை நம்பாதீங்க, பூதக்கண்ணாடி ஒண்ணு கிட்டயே இருக்கட்டும்.

அடுத்து ஃபீலர் கேஜ். வண்டி மெக்கானிக் வச்சிருப்பாரே, மெல்லிசு மெல்லிசா தகடு விசிறி மாதிரி விரியும், அதே தான். நெக் எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு பாக்க இதை விட நல்லது கிடையாது. முதல் ஃப்ரெட்லயும் உடம்பு ஆரம்பிக்கிற ஃப்ரெட்லயும் கம்பியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடுவுல ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழ தகடை விட்டுப் பாருங்க, 0.1லேந்து 0.25 மி.மீ. இடைவெளி இருந்தா சரி. இதுக்குன்னு தனியா கிட்டார் கடை பேர் போட்ட ஃபீலர் கேஜ் எல்லாம் வாங்க வேண்டாம், மெக்கானிக் கடையில விக்கிறதே போதும்.

ஸ்ட்ரெயிட் எட்ஜ்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 450 மி.மீ. நீளத்துல நேரான ஒரு இரும்புப் பட்டை வேணும். வாங்கின உடனே சோதிச்சிடுங்க, வழவழப்பான பலகையில அதை வச்சு கூர்மையான பென்சிலால ஒரு கோடு இழுங்க, அப்புறம் பட்டையைப் புரட்டி அதே ஓரத்தை அதே ரெண்டு முனைக்கும் வச்சு இன்னொரு கோடு இழுங்க. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா நேரா இருக்கு, நடுவுல பிரிஞ்சு தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க. மூலைமட்டத்துக்கும் இதே சோதனை தான், பலகை ஓரத்துல ஒட்டி ஒரு கோடு, திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. ஃப்ரெட் இருக்கற இடத்துல பள்ளம் வெட்டின ஸ்ட்ரெயிட் எட்ஜும் கிடைக்கும், ஃப்ரெட்டைத் தாண்டி பலகையையே தொட்டு அளக்கறதுக்கு, அது அப்புறம் வாங்கிக்கலாம்.

டிரஸ் ராட், அதாவது நெக் வளைவை சரி பண்ண உள்ள இருக்கற இரும்புக் கம்பி, அதைத் திருப்புறதுக்குச் சாவி ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற. மார்ட்டின்ல 5 மி.மீ. ஆலன் கீ, டெய்லர்ல கால் இன்ச் நட் டிரைவர், கிப்சன்ல 5/16 இன்ச். மார்ட்டின்ல இந்தத் திருப்புற ராட் 1985ல தான் வந்துச்சு, அதுக்கு முந்தின கிட்டார் கைக்கு வந்தா உள்ள சாவி போட இடம் தேடாதீங்க. சாவி கொஞ்சம் லூசா இருந்தாலும் போட்டு முறுக்கக் கூடாது, உள்ள முனை மழுங்கிடுச்சுன்னா அது பெரிய ரிப்பேர். அளவு சரியா இருக்கணும், அவ்வளவு தான் விஷயம்.

ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்குங்க. இதை யாரும் டூல்னே நினைக்கிறதில்லை, ஆனா ரூம்ல ஈரப்பதம் 45லேந்து 50 சதவீதம் இருக்கான்னு பாக்காம டாப்ல (முன்பலகை) பிரேஸ் (உள்பக்கம் தாங்குற கட்டை) ஒட்டினீங்கன்னா, பின்னாடி காத்து காயும்போது மரம் சுருங்கும், பிரேஸ் விடாது, நடுவுல டாப் விரிசல் விடும். மத்த எல்லா டூலும் சேர்ந்து செஞ்ச வேலையை இந்த ஒரு எண் கெடுத்துடும்.

நட்டும் சேடிலும்

செட்டப்ல கையை நம்பி செய்ற வேலை நட்டுல காடி போடுறது. இதுக்கு கம்பி தடிமனுக்கு ஏத்த அரம் வேணும். லைட் செட்னு சொல்ற கம்பிகள்ல பரவலா வர்ற அளவு 0.012, 0.016, 0.024, 0.032, 0.042, 0.053 இன்ச். காடி கம்பியை விட 0.002, 0.003 இன்ச் அகலமா இருந்தா போதும், அதுக்கு மேல போனா கம்பி காடியில ஆடும், குறைஞ்சா கம்பி சிக்கிக்கும், ட்யூன் பண்ணும்போது டிக் டிக்னு சத்தம் வரும். அப்போ ஆறு அரம் வேணும். இது விலை ஜாஸ்தி தான், ஆனாலும் இதைத் தள்ளிப் போடாதீங்கன்னு தான் சொல்வேன். ரொம்ப முடியலைன்னா மெல்லிசு ரெண்டு கம்பிக்கு மட்டும் வெல்டிங் டார்ச் துளை சுத்தம் பண்ற கம்பி அரம் வச்சு சமாளிக்கலாம், அது பலப்பல அளவுல ஒரே கொத்தா வரும், ஆனா வளையும், அதனால நுனியை அமுக்காம லேசா இழுக்கணும்.

அரத்தைப் பிடிக்கிற விதம் தெரிஞ்சா தான் எந்த அரம் நல்லதுன்னு புரியும். காடி ஹெட்ஸ்டாக் பக்கம் சரிவா இறங்கணும், கம்பி கடைசியா தொடுற இடம் ஃப்ரெட்போர்டு பக்கத்து ஓரமா இருக்கணும். பின்பக்கம் மேடா விட்டுட்டா கம்பி வீணை மாதிரி ரீங்காரம் போடும், சுதியும் தப்பா நிக்கும். அரத்தோட பின்முனையை கொஞ்சம் தாழ்த்தி, ரெண்டு மூணு இழுப்பு இழுத்துட்டு, கம்பியைக் காடியில போட்டு மூணாவது ஃப்ரெட்ல அமுக்கி முதல் ஃப்ரெட் மேல பாருங்க. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியணும், விரலால தட்டினா டிங்குன்னு லேசா கேக்கணும். வெளிச்சமே இல்லைன்னா அதுக்கு மேல ஒரு இழுப்பு கூட இழுக்காதீங்க, நட்டு பாழ். நல்ல அரத்துக்கு இங்க தான் மதிப்பு, ஒரு இழுப்புக்கு இவ்வளவு தான் எடுக்கும்னு கைக்குத் தெரியும்.

சேடிலுக்கு, அதாவது பிரிட்ஜ்ல கம்பி ஏறி நிக்கிற பட்டைக்கு, பெரிசா ஒண்ணும் வேண்டாம். கண்ணாடி மேல ஒட்டின 220 எமரி பேப்பர், ஒரு பென்சில், அந்த ஸ்டீல் ஸ்கேல். 12வது ஃப்ரெட்ல அரை மில்லி குறைக்கணும்னா சேடில்ல ஒரு மில்லி எடுக்கணும், ஏன்னா அந்த ஃப்ரெட் கம்பியோட பாதியில இருக்கு. சேடிலோட அடிப்பாகம் சமமா இருக்கணும், பிக்கப் வச்ச கிட்டார்னா இது ரொம்ப முக்கியம்.

பிரிட்ஜ் பின் ஓட்டைக்கு ரீமர் (ஓட்டையைச் சரிவா அகலமாக்குற டூல்) வாங்கறதா இருந்தா பின்னோட சரிவு பாத்து வாங்குங்க, 3 டிகிரின்னும் 5 டிகிரின்னும் ரெண்டு வருது, மாத்திப் போட்டா பின் ஒரு முனையில மட்டும் பிடிக்கும், மறு முனையில ஆடும்.

ஃப்ரெட் வேலை

ஃப்ரெட் லெவல் பண்ணக் கத்துக்கறதுக்கு ஒரு நீள அரம் அல்லது சமமான பட்டை, அதுல 320 பேப்பர் ஒட்டிக்கலாம், ஒரு மார்க்கர் பேனா, மரத்துல படாம இருக்க மாஸ்கிங் டேப். எந்த ஃப்ரெட் தூக்கி நிக்குதுன்னு கண்டுபிடிக்க ஃப்ரெட் ராக்கர்னு ஒரு சின்னத் தகடு, மூணு ஃப்ரெட் மேல வச்சு ஆட்டினா நடு ஃப்ரெட் உயரம்னா டக் டக்னு ஆடும். இதை ஒரு ஏ.டி.எம். கார்டு வச்சு கூட ஆரம்பத்துல பாக்கலாம், கார்டு நேரா இருந்தா சரி.

லெவல் பண்ணினதும் ஃப்ரெட் தலை தட்டையாயிடும், அதைத் திரும்ப உருண்டையாக்க கிரவுனிங் ஃபைல். வாங்கும்போது ஃப்ரெட் அகலத்துக்குப் பொருந்துற குழிவு இருக்கான்னு பாருங்க. மார்க்கர்ல ஃப்ரெட் தலை முழுக்கப் பூசிட்டு ரெண்டு பக்கமும் ராவிக்கிட்டே வரணும், நடுவுல ஊசி மாதிரி ஒரு மைக் கோடு மட்டும் மிஞ்சும்போது நிறுத்திடணும். அந்தக் கோடும் போயிட்டா அந்த ஃப்ரெட் பக்கத்து ஃப்ரெட்டை விட தாழ்ந்துடுச்சு, எல்லாத்தையும் மறுபடி லெவல் பண்ணணும்.

பழைய ஃப்ரெட்டைப் பிடுங்க எண்ட் கட்டர் குறடு வேணும். கடையில வர்ற குறட்டோட வாய் முனையில சரிவு இருக்கும், ஃப்ரெட் அடியில போகாது. அதைத் தேய்ச்சு மட்டமாக்கணும், தேய்க்கும்போது அடிக்கடி தண்ணியில முக்குங்க, சூடேறி நீலம் பூத்துடுச்சுன்னா அந்த எஃகு பதம் போச்சு. ஃப்ரெட் மேல சோல்டரிங் அயர்ன் வச்சு சூடாக்கிட்டு ஓரத்துலேந்து குறட்டை மெல்ல அமுக்கிக்கிட்டே நகருங்க, இழுக்காதீங்க. சூடாக்காம இழுத்தா எபோனி சில்லு சில்லா பேந்துட்டு வரும்.

அடிக்கிறதுக்கு பித்தளைத் தலை அல்லது பிளாஸ்டிக் தலை சுத்தியல். இரும்பு சுத்தியல் ஃப்ரெட்ல தழும்பு போடும்.

புதுசா ஃப்ரெட்போர்டு வெட்டப் போறீங்கன்னா அப்போ தான் ஃப்ரெட் ரம்பம். அதோட வெட்டு அகலம் 0.023 இன்ச், 0.6 மி.மீ.க்குக் கொஞ்சம் கம்மி. இதை விட அகலமா வெட்டுற ரம்பத்துல வெட்டினா ஃப்ரெட் பிடிக்காது. ஜப்பான் ரம்பத்துல நிறைய இதை விட மெல்லிசா வெட்டும், அதுல வெட்டினா ஃப்ரெட் உள்ள இறங்காது, தட்டி இறக்கினா நெக்கே பின்னாடி வளைஞ்சிடும். இடம் குறிக்கிறதுக்கு 600 மி.மீ. ஸ்கேல். கம்பி நீளத்தை 17.817ஆல வகுத்தா முதல் ஃப்ரெட் எவ்வளவு தூரம்னு வரும், 25.4 இன்ச் அதாவது சுமார் 645.2 மி.மீ.ன்னா 36.2 மி.மீ. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால வகுத்துக்கிட்டே போகணும். ஆனா பலகையில குறிக்கும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டையும் முந்தின ஃப்ரெட்லேந்து அளக்காதீங்க, சின்னச் சின்னத் தப்பு சேந்து சேந்து கடைசியில பெரிசாயிடும். ஸ்கேலை நட்டு ஓரத்துல வச்சா நகர்த்தாம எல்லாத்தையும் குறிச்சிடணும். 20வது ஃப்ரெட் 442 மி.மீ.ல முடிஞ்சிடும், அதனால தான் 600 ஸ்கேல் போதும்கிறேன்.

உளி, இழைப்புளி, அதை விட முக்கியமா சாணை

கிட்டார் செய்யறதுல இறங்கினவங்க எல்லாம் நல்ல உளி எதுன்னு தான் முதல்ல கேப்பாங்க. எந்த உளியும் கடையிலேந்து வரும்போது கிட்டார் வேலைக்குத் தயாரா வராது. அதனால உளிக்கு முன்னாடி சாணைக்கு வழி பண்ணுங்க. தடிச்ச கண்ணாடித் துண்டு ஒண்ணு, அது மேல ஒட்ட 220, 400, 800, 1500, 2000 வரைக்கும் தண்ணி எமரி பேப்பர், இது போதும் ஆரம்பிக்க. பேப்பர் தீந்துக்கிட்டே இருக்கும்கிறதால பின்னாடி 1000, 6000 ரெண்டு கல்லு வாங்கிக்கலாம். கடைசியா ஒரு தோல் பட்டையில பச்சைப் பேஸ்ட் தடவி இழுக்கணும்.

உளியோட பின்பக்கத்தை முதல்ல தட்டையாக்குங்க, முழுசும் வேண்டாம், வாயிலேந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் கண்ணாடி மாதிரி மின்னினா போதும். அப்புறம் சரிவு 25 டிகிரி, வாய்நுனியில மட்டும் 30. கை ஆடுதுன்னா கோணம் பிடிக்கிற சின்ன ஜிக் வாங்கிக்கங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை.

கூரு வந்துடுச்சான்னு பாக்க கை முடியை எல்லாம் மழிச்சுப் பாக்க வேண்டாம். ஒரு ஸ்ப்ரூஸ் துண்டு எடுத்து அதோட வெட்டு முனையை, அதாவது நாரோட்டம் முடியிற பக்கத்தை, உளியால மெல்லிசா சீவுங்க. ஸ்ப்ரூஸ்ல ஒரு கோடு கெட்டியா இருக்கும், அடுத்த பட்டை பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும். கூரு சரியா இருந்தா ரெண்டும் ஒரே மாதிரி பளபளன்னு வெட்டுப்படும். கூரு பத்தலைன்னா கெட்டிக் கோடு மட்டும் வெட்டுப்பட்டு மெத்துப் பட்டை நசுங்கி உள்ள போயிடும், பாத்தா பொடிப்பொடியா வெளுத்துத் தெரியும். பிரேஸ் சீவப் போறது இதே ஸ்ப்ரூஸ் தான்கிறதால இந்த ஒரு சோதனை போதும்.

உளி எத்தனை வேணும்? 6, 12, 25 மி.மீ. மூணு. பிரேஸ் முனையைச் சீவறதுக்கு 12 தான் ஜாஸ்தி கையில இருக்கும். பத்து உளி செட் வாங்கறதுக்கு மூணு நல்ல உளி வாங்கிடுங்க.

இழைப்புளியில முதல்ல வாங்க வேண்டியது சின்ன பிளாக் பிளேன், பிளேடு தாழ்வா படுத்திருக்கிற வகை. அதுல பிளேடு 12 டிகிரியில படுத்திருக்கும், 25 டிகிரி சாணை சேந்து 37 டிகிரியில வெட்டும், பைண்டிங் (உடம்பு ஓரத்துல ஒட்டுற பட்டை) மட்டம் பண்ண, ஓரம் எடுக்க, பிரேஸ் சரி பண்ண எல்லாத்துக்கும் இது தான். ரெண்டாவதா ஒரு நம்பர் 5, அதாவது நீளமான இழைப்புளி. டாப் ரெண்டு பாதியா வரும், நடுவுல சேர்க்கறதுக்கு ஓரத்தை நேரா இழைக்கணும், சின்ன பிளேன் மேடு பள்ளத்தோடவே ஏறி இறங்கும், நீளமானது தான் மேட்டை மட்டும் தொடும். இழைச்சதும் ரெண்டு பாதியையும் சேத்துப் பிடிச்சு ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்க. வெளிச்சம் எங்கயாவது கசிஞ்சா இன்னும் ஒரு இழைப்பு. கிளாம்ப் போட்டு இறுக்கினா ஒட்டிடும்னு நினைக்காதீங்க, அந்த ஜாயிண்ட் பின்னாடி பிரியும்.

பழைய இழைப்புளி வாங்கறது நல்ல யோசனை, துரு போகும், ஆனா வாய் பக்கத்துல விரிசல் இருந்தா வேண்டாம், அடித்தட்டு முறுக்கியிருந்தாலும் வேண்டாம். ஸ்ட்ரெயிட் எட்ஜ் கையோட கொண்டு போங்க.

ரோஸ்வுட், மேப்பிள் மாதிரி நாரோட்டம் மாறி மாறிப் போற மரத்துல இழைப்புளி நாரைப் பிய்ச்சுடும். அங்க கார்டு ஸ்கிரேப்பர், வெறும் எஃகுத் தகடு, இருக்கறதுலயே சீப்பான டூல் இது தான், எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இது தான். ஓரத்தை அரத்தால சதுரமா ராவி, கல்லுல தேய்ச்சு, கெட்டியான எஃகு கம்பியால ஓரத்தை அழுத்தி இழுத்தா கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிர் மடங்கும். அந்தப் பிசிர் தான் வெட்டுது. தள்ளும்போது மெல்லிசா சுருள் வந்தா சரி, தூள் வந்தா பிசிர் போயிடுச்சு, மறுபடி பண்ணணும்.

நெக் செதுக்க ஸ்போக்‌ஷேவ் (ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச சின்ன இழைப்புளி) ஒண்ணு, அரை வட்ட ராஸ்ப் (முரட்டுப் பல்லு மர அரம்) ஒண்ணு.

டாப் தடிமன் பாக்க காலிப்பர் பத்தி ஒரு வார்த்தை. ஸ்டீல் கம்பி கிட்டார் டாப் பொதுவா 3 மி.மீ.க்கு கொஞ்சம் கீழ இருக்கும், பக்கப் பலகை சுமார் 2 மி.மீ. சாதாரண காலிப்பர் ஓரத்துல மட்டும் தான் அளக்கும். ட்ரெட்நாட்னு சொல்ற பெரிய உடம்பு கிட்டாரோட அகலமான இடம் கிட்டத்தட்ட 400 மி.மீ., நடுவுல எட்டணும்னா 200 மி.மீ. ஆழமான வாய் வேணும். தடிச்ச பிளைவுட்ல யு மாதிரி வெட்டி அதுல ஒரு டயல் இண்டிகேட்டர் மாட்டிட்டா வேலை முடிஞ்சது.

கிளாம்ப்

இதுல காசு போடாதீங்க. உள் ஓரப் பட்டை ஒட்ட துணி காயப்போடுற கிளிப்பே போதும், மேல ரப்பர் பேண்ட் சுத்திட்டா பிடி இறுகும். உடம்பு மூட நீள போல்ட்டுல மரவட்டை மாட்டி விங் நட் போட்டா ஸ்பூல் கிளாம்ப். மரத்தாடை வச்ச கேம் கிளாம்ப் லேசா இருக்கும், டாப்ல தழும்பு போடாது, நாலஞ்சு செஞ்சு வச்சுக்கங்க. வாங்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பிரிட்ஜ் ஒட்டுற கிளாம்ப், சவுண்ட்ஹோல் வழியா உள்ள போய் பிரிட்ஜ் வரைக்கும் எட்டற மாதிரி நீளக் கழுத்து உள்ளது. கூடவே உள்ள பாக்க சின்னக் கண்ணாடியும் ஒரு எல்.இ.டி. விளக்கும். தூக்கின பிரிட்ஜை எடுக்க மெல்லிசான, வளையக்கூடிய பேலட் கத்தி, ஓரத்தை மழுக்கி வச்சுக்கங்க, கூரா இருந்தா ஸ்ப்ரூஸ் நாருக்குள்ள பாஞ்சிடும்.

ரோஸ்வுட் தூளும், அலங்காரத்துக்குப் பதிக்கிற சிப்பியோட தூளும் நுரையீரலுக்கு ஆகாது, ராவும்போதும் சாண்டிங் பண்ணும்போதும் நல்ல டஸ்ட் மாஸ்க் போட்டுக்கங்க, வேலை முடிஞ்சதும் தூளை ஊதாம ஈரத்துணியால துடைங்க.

டூல்ஸ் எடுத்து வைக்கும்போது இரும்பு மேல லேசா மெஷின் எண்ணெய் தடவுங்க, உளிக்கும் ரம்பத்துக்கும் வாயில ஒரு உறை போடுங்க, அரங்களை ஒண்ணு மேல ஒண்ணு குவிச்சு வைக்காதீங்க, பல்லு மழுங்கும். சிலிக்கான் கலந்த ஸ்ப்ரே மட்டும் டேபிள் பக்கமே வேண்டாம், மரத்துல துளி பட்டாலும் பின்னாடி லேக்கர் அடிக்கும்போது அந்த இடத்துல ஒட்டாம குழி குழியா விலகும். மறுநாள் வேலைக்கு எடுக்கும்போது எண்ணெயைத் துணியால சுத்தமா துடைச்சிட்டு, வேண்டாத ஒரு துண்டு மரத்துல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு அப்புறமா டாப் மேல வைங்க.